சிங்கப்பூரில் கணக்கியல் பட்டப்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் தொடங்கி, பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் முடியும்வரை எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: கணக்கியல் எடுக்கலாமா, வேண்டாமா? சொந்தத்தில் ஒருவர் தணிக்கைத் துறையில் இருந்தால் அவரிடம் கேட்பது இயல்புதான். கேட்பவர்களில் தாய்தந்தையர் உண்டு, தேசிய சேவையில் இருக்கும் இளையர்கள் உண்டு, இந்தியாவில் பி.காம். முடித்து இங்கு வேலைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே தொகுத்து எழுதியிருக்கிறேன்.

என் மகன் கணிதத்தில் கெட்டிக்காரன். அவனுக்குக் கணக்கியல்தானே பொருத்தம்?

அந்த ஒரு காரணம் போதாது. கணக்கியலுக்குத் தேவைப்படும் கணிதம் கூட்டல், கழித்தல், விழுக்காடு, வட்டிக் கணக்கு, கொஞ்சம் புள்ளியியல். இதற்கு மேல் அரிதாகத்தான் எதுவும் தேவைப்படும். வேண்டியது வேறொரு குணம்.

ஒரு துணைப்பாட நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கவிருக்கும் வகுப்புகளுக்கு ஒரு மாணவரிடம் டிசம்பரிலேயே 1,200 வெள்ளி வாங்கிவிடுகிறார்கள். நிலையத்தின் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. பணம் வங்கியில் இருக்கிறது. அந்த ஆண்டின் வருமானத்தில் இதில் எவ்வளவு சேரும்? ஒரு காசும் சேராது. இன்னும் ஒரு வகுப்புகூட நடக்கவில்லையே. அன்றைய தேதியில் அந்த 1,200 வெள்ளி, நிலையம் மாணவருக்குப் பட்டிருக்கும் கடன். ஜனவரியில் வகுப்புகள் நடந்தால் 400 வெள்ளி வருமானமாக மாறும்.

இதைக் கேட்டதும் "பணம்தான் வந்துவிட்டதே, பிறகென்ன?" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு பாரமாகத் தெரியும். "அப்படியானால் மாணவர் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைக்கு இது பிடிக்கும், கணிதத்தில் நடுத்தர மதிப்பெண் எடுத்திருந்தாலும்கூட. ஒரு சொல்லை எதை நம்பி ஏற்றுக்கொள்வது என்று விடாமல் கேட்கிற மனம்தான் இங்கே முதல் தகுதி.

எந்தெந்தப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம்?

அரசாங்க மானியத்துடன் படிக்க ஐந்து இடங்கள் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்.

இவற்றில் நன்யாங்கின் பெயரை மூத்தவர்கள் முதலில் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1987-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பள்ளி அப்படியே நன்யாங் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாற்றப்பட்டது. 1991-இல் அந்தக் கழகம் பல்கலைக்கழகமானது. ஆகவே ஒரு தலைமுறைக் கணக்காளர்களுக்குக் கணக்கியல் என்றாலே நன்யாங்தான். பின்னர் நிர்வாகப் பல்கலைக்கழகம் வந்தது. தேசியப் பல்கலைக்கழகத்தில் இப்போது வணிக நிர்வாகப் பட்டத்துக்குள் கணக்கியல் படிக்கலாம். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் படிப்போடு வேலையையும் இணைத்த நீண்ட பணிப்பயிற்சி உண்டு. அங்கு படிப்பவர்களில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்கள் அதிகம். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம்.

சிறிய விஷயம்தான், ஆனாலும் போக்குவரத்தை யோசித்துக்கொள்ளுங்கள். செங்காங்கில் குடியிருப்பவர் தினமும் பூன் லே வரை ரயிலில் போய், அங்கிருந்து 179 அல்லது 199 பஸ் பிடித்து நன்யாங்குக்குப் போவது நெடும்பயணம். விடுதியில் தங்க முடியுமா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நிர்வாகப் பல்கலைக்கழகம் பிராஸ் பாசாவில், எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

தொடக்கக்கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா? எந்த வழி நல்லது?

கணக்கியல்தான் என்று பதினாறு வயதிலேயே தெளிவாக இருக்கும் பிள்ளைக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி நல்ல வழி. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் (டிப்ளோமா) பேரேடு, வரி, தணிக்கை எல்லாவற்றையும் தொட்டுவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் சில பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கக்கூடும். நம் வீடுகளில் இன்னும் தொடக்கக்கல்லூரியை மேலாகவும் மற்றதைக் கீழாகவும் பார்க்கிறார்கள். இந்தத் துறையைப் பொறுத்தவரை அந்தப் பார்வைக்கு ஆதாரமே இல்லை. என்னோடு வேலை செய்பவர்களில் பட்டயப் படிப்பிலிருந்து வந்தவர்கள் முதல் ஆண்டிலேயே கைதேர்ந்தவர்களாக இருப்பதைப் பார்க்கிறேன்.

மனம் இன்னும் முடிவாகாத பிள்ளைக்குத் தொடக்கக்கல்லூரி பரந்த வாய்ப்பைத் தரும். அங்கே கணக்கியல் படிக்காமல் வந்தவர்களுக்கும் பல்கலைக்கழகம் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறது. 2026 சேர்க்கை முதல் பல்கலைக்கழக நுழைவுப் புள்ளிகள் 90-இலிருந்து 70 ஆகக் குறைந்திருக்கின்றன: எச்2 எனப்படும் மூன்று முதன்மைப் பாடங்களுக்கு 60, பொதுத்தாள் 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தப் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் சேரும். தமிழில் நன்றாகச் செய்யும் பிள்ளைக்கு இது கைகொடுக்கும் வாய்ப்பு. "தமிழ்தானே" என்று கடைசி மாதத்தில் கைவிடாதீர்கள்.

வகுப்பில் என்னதான் கற்றுத் தருவார்கள்? நாள் முழுதும் எண்களா?

நிதிக் கணக்கியல், நிர்வாகக் கணக்கியல், வரி, தணிக்கை, நிறுவனச் சட்டம், நிதி மேலாண்மை, தரவுப் பகுப்பாய்வு, நிறுவன ஆளுமை. பட்டியலைப் பார்த்தால் உலர்ந்துதான் தெரியும். ஆனால் இந்தப் பாடங்களை உயிரோடு காட்டும் சம்பவம் நம் ஊரிலேயே நடந்தது.

1762-இல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி, 1995 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த ஒருவரால் வீழ்ந்தது. அந்த வங்கியின் ஊழியரான நிக் லீசன் சைமெக்ஸ் எனப்பட்ட சிங்கப்பூர் அனைத்துலக நாணயச் சந்தையில் வணிகம் செய்தார். அந்த வணிகத்தைச் சரிபார்த்துக் கணக்கில் முடித்துவைக்கும் பின்னறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. நட்டங்களை 88888 என்ற எண் கொண்ட கணக்கில் மறைத்துவைத்தார். ஜனவரியில் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானியச் சந்தை சரிய, நட்டம் கட்டுக்கடங்காமல் போனது. முடிவில் அது 827 மில்லியன் பவுண்டு. வங்கியை ஐஎன்ஜி என்ற டச்சு நிதி நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. 1994-இல் வங்கியின் உள் தணிக்கையாளர்களே சிங்கப்பூருக்கு வந்து பார்த்துவிட்டு, வணிகமும் சரிபார்ப்பும் ஒருவர் கையில் இருப்பது ஆபத்து, இரண்டையும் பிரியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது நடைமுறைக்கு வரவே இல்லை. பணத்தைத் தொடுபவரும் பதிபவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது முதலாண்டிலேயே சொல்லித்தரும் பாடம். அதை மீறினால் இருநூற்றாண்டு கடந்த வங்கிகூடச் சில வாரங்களில் இல்லாமல் போகும். தணிக்கையாளர் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, சொன்னது காதில் ஏறும்வரை விடக்கூடாது என்பதையும் நான் இதிலிருந்தே இளையவர்களுக்குச் சொல்வேன்.

பட்டம் வாங்கியவுடன் பட்டயக் கணக்காளர் (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) ஆகிவிடலாமா?

முடியாது. இதைத் தெரியாமல் சேருபவர்கள் பலர். சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் தகுதி என்ற தனித் தேர்வுமுறை 2013-இல் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் கழகம் அதை நடத்துகிறது. அங்கீகாரம் பெற்ற உள்ளூர்க் கணக்கியல் பட்டம் இருந்தால் அடிப்படை நிலையைத் தாண்டி நேரே தொழில்முறைத் தேர்வுகளுக்குப் போகலாம். அவற்றோடு மூன்றாண்டு நடைமுறை அனுபவமும் வேண்டும். பெரும்பாலோர் வேலையில் சேர்ந்து, பகலில் தணிக்கையும் இரவில் படிப்புமாக இதை முடிக்கிறார்கள். கடினமான ஆண்டுகள் அவை. வீட்டார் அந்தக் காலத்தில் கல்யாணப் பேச்சையும் வேறு சுமைகளையும் ஏற்றாமல் இருந்தால் பெரிய உதவி.

நிறுவனங்களின் கணக்குகளுக்குத் தணிக்கையாளராகக் கையெழுத்திடும் உரிமை இதற்கும் மேற்பட்டது. அதற்கு அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையத்தில் பொதுக் கணக்காளராகப் பதிவு செய்ய வேண்டும்.

ஏசிசிஏ படித்தால் போதாதா? பட்டம் எதற்கு?

ஏசிசிஏ என்பது பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் சங்கம் நடத்தும் தொழில்முறைத் தேர்வு; மதிப்புள்ள தகுதி. பதின்மூன்று தாள்கள், முன்பு படித்ததைப் பொறுத்து சிலவற்றில் விலக்கு கிடைக்கும். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம், செலவும் குறைவு. குடும்பச் சூழ்நிலையால் முழுநேரம் படிக்க இயலாதவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பட்டப்படிப்பு தரும் பணிப்பயிற்சியும், சக மாணவர்களின் பழக்கமும், கணக்குக்கு அப்பாற்பட்ட பாடங்களும் அதில் கிடைப்பதில்லை. வாய்ப்பு இருக்கும்போது பட்டம்.

தனியார் கல்வி நிலையங்களில் வெளிநாட்டுப் பட்டம் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கல்வி அமைச்சின் கட்டண மானியம் அங்கே இல்லை.

கட்டணத்தை எப்படிச் சமாளிப்பது?

குடிமக்களுக்கு மானியம் உண்டு, ஒப்பந்தக் கட்டுப்பாடு இல்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால், படித்து முடித்தபின் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தமிட வேண்டும்.

பெற்றோரின் மத்திய சேம நிதிப் பணத்தில் கட்டணம் கட்டுவதைப் பற்றி நிறைய தவறான எண்ணம் இருக்கிறது. அது கடன். சாதாரணக் கணக்கில் சேர்ந்திருப்பதில் அதிகபட்சம் 40 விழுக்காடு எடுக்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து, பிள்ளை வட்டியோடு அந்தக் கணக்கிலேயே திரும்பக் கட்ட வேண்டும்; அதிகபட்சம் 12 ஆண்டுகள் தவணை. பெற்றோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தவணையையும் அதே கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால் முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகம் வழியாக வங்கி தரும் கட்டணக் கடன், மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பல குடும்பங்களுக்கு அதுவே மேல்.

வருமானம் குறைந்த குடும்பங்கள் கல்வி அமைச்சின் உதவிநிதிக்கு விண்ணப்பிக்கட்டும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும், சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறநிதியையும் அணுகுங்கள். கேட்க வெட்கப்பட்டு நல்ல பிள்ளைகள் படிப்புக்கிடையே இரவு வேலைக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

தணிக்கை வேலையில் தூக்கமே இருக்காதாமே?

ஜனவரி முதல் மார்ச் வரை அப்படித்தான். பெரும்பாலான நிறுவனங்களின் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் நான்கு மாதங்களுக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். எல்லாச் சுமையும் அந்தச் சில வாரங்களில் வந்து விழும்.

பொங்கலும் தைப்பூசமும் அதே காலத்தில் வருவது நமக்குக் கூடுதல் சிரமம். தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. காவடி எடுப்பவர், பால்குடம் சுமப்பவர் நவம்பரிலேயே மேலாளரிடம் சொல்லி விடுப்பு எழுதிவையுங்கள். முன்கூட்டிச் சொன்னால் குழுவில் உள்ள சீன, மலாய் நண்பர்கள் மனமுவந்து இடத்தை நிரப்புவார்கள், அவர்களுடைய பெருநாளில் நாம் நிரப்புவோம்.

அந்தக் காலத்தில்தான் இந்த வேலையின் சுவையும் இருக்கிறது. இளம் தணிக்கையாளர் முதலில் போகும் இடங்களில் ஒன்று சரக்கிருப்பு எண்ணிக்கை. ஆண்டின் கடைசி நாளில் துவாஸ் கிடங்கிலோ சிராங்கூன் சாலை நகைக்கடையிலோ நிற்க வேண்டியிருக்கும். நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். கதவை மூடியபின் தட்டுகள் வெளியே வருகின்றன. கடை ஊழியர்கள் எடை போடுகிறார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். பதிவேட்டிலிருந்து சில நகைகளைப் பொறுக்கி, அவை தட்டில் இருக்கின்றனவா என்று தேடுகிறீர்கள். எழுதியது உண்மையில் இருக்கிறதா என்பதற்கான சோதனை இது. பிறகு திசையை மாற்றுகிறீர்கள்: தட்டிலிருந்து சில நகைகளை எடுத்து, அவை பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கிறீர்கள். இருப்பது எதுவும் எழுதாமல் விடுபடவில்லை என்பதற்கு அது. ஒரு திசையில் மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

அத்தோடு முடியாது. இந்தச் சங்கிலி பழுதுபார்க்க வாடிக்கையாளர் கொடுத்ததா? அப்படியானால் அது கடையின் சொத்தே அல்ல. ஆசாரியிடம் அனுப்பிய நகைகள் எங்கே, அதற்கு என்ன சீட்டு? 22 காரட் என்கிறார்களே, யார் உரசிப் பார்த்தது? வகுப்பறையில் உலர்ந்து கிடந்த சொற்கள் எல்லாம் அந்த மேசையின்மேல் பொருள் பெறும். தணிக்கையே வேண்டாம் என்பவர்கள் வரி, வங்கி, அரசாங்கம், நிறுவன நிதிப்பிரிவு என்று போகலாம். ஆயினும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளையாவது தணிக்கையில் கழியுங்கள் என்பேன். வேறெங்கும் இத்தனை விதமான தொழில்களின் உள்ளறைகளை யாரும் திறந்து காட்டமாட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளில் இந்த வேலை இருக்குமா?

பதிவு செய்யும் வேலை குறையும், அதில் ஐயமில்லை. இன்வாய்ஸ்நவ் என்ற மின்-விலைப்பட்டியல் முறையில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மற்றொன்றின் மென்பொருளுக்கு நேரடியாகப் பட்டியலை அனுப்புகிறது, யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. புதிதாகத் தொடங்கி, தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதியும் நிறுவனங்களுக்கு அந்த முறை 2025 நவம்பர் 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது.

ஆனால் மேலே சொன்ன நகைக்கடையில் எந்த வேலையை இயந்திரம் செய்யும்? பதிவேட்டை நொடியில் கூட்டிவிடும், வழக்கத்துக்கு மாறான விற்பனையைச் சுட்டிக்காட்டும். முதலாளி பதில் சொல்லும்போது ஏன் தடுமாறினார், அந்த விளக்கத்தை ஏற்கலாமா, ஏற்க மறுத்தால் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் மனிதரின் பொறுப்பு. கையெழுத்திட்டவர்தான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். ஆகவே, விதிகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவருக்கு ஆபத்து உண்டு. கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தில் தரவுப் பகுப்பாய்வுப் பாடங்களை விருப்பப்பாடமாகவாவது எடுத்துவிடுங்கள்.

இந்தத் துறையில் தமிழ் எதற்காவது பயன்படுமா?

அறிக்கைகளும் மின்னஞ்சல்களும் ஆங்கிலத்தில்தான். ஆனால் லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை முதலாளியிடம் அவர் தொழிலைப் பற்றி விசாரிக்கும்போது தமிழில் கேட்டால் விரிவாகப் பேசுவார், ஆங்கிலத்தில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார். தணிக்கையில் அந்த விரிவுதான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் வட்டித்தொழில் செய்த கிட்டங்கிகள் இருந்த காலத்தில், கால்பெட்டியின் முன் தரையில் அமர்ந்து பற்றும் வரவும் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டுப் பார்த்தவர்கள் நம்மவர்கள். சிறுவர்களாகக் கப்பலேறி வந்து கடையிலேயே கணக்குப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கட்டடங்கள் 1970-களில் போய்விட்டன. இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும்.

இந்தியாவில் பி.காம். முடித்திருக்கிறேன். மறுபடியும் பட்டம் படிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பட்டயக் கணக்காளர் தகுதியின் அடிப்படை நிலையில் சேர்ந்து மேலே வரலாம், அல்லது ஏசிசிஏ எழுதலாம். உங்கள் பட்டத்துக்கு எந்தத் தாள்களில் விலக்கு என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிய பின்பே பணம் கட்டுங்கள். முகவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை நம்பவேண்டாம். இந்த ஊரின் வரியும் நிறுவனச் சட்டமும் வேறு என்பதால் அவற்றைத் தனியாகப் படிக்க நேரம் ஒதுக்குங்கள்.

எங்களுக்குச் சொந்தமாக உணவகம் இருக்கிறது. மகள் கணக்கியல் படித்தால் குடும்பத் தொழிலுக்கு உதவுமா?

நிச்சயமாக உதவும், ஒருவேளை நீங்கள் எதிர்பார்க்காத விதத்தில். ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் போகாதது, சொத்து 10 மில்லியனுக்கு மேல் போகாதது, ஊழியர் 50 பேருக்கு மேல் இல்லாதது: இந்த மூன்றில் இரண்டு பொருந்தும் சிறிய தனியார் நிறுவனத்துக்குப் பொதுவாகத் தணிக்கை கட்டாயமில்லை. வெளியார் யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால்தான் வீட்டுக்குள் ஒருவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விற்பனை ஆண்டுக்கு ஒரு மில்லியனைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டும். அதன்பின் கல்லாவில் விழும் ஒவ்வொரு 109 வெள்ளியிலும் 9 வெள்ளி அரசாங்கத்தினுடையது. அதை வாடகைக்கும் சம்பளத்துக்கும் செலவழித்துவிட்டு, காலாண்டு முடிவில் கையைப் பிசையும் கடைகள் நிறைய. உங்கள் மகள் முதலாண்டு விடுமுறையிலேயே அந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்குத் திறக்கச் சொல்வாள். சொன்னால் கேளுங்கள்.

பெற்றோர் சொன்னதால் சேர்ந்துவிட்டேன். முதல் பருவம் முடிந்தும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

முதல் பருவத்தில் இருப்பது பெரும்பாலும் பதிவு முறைகள்தான். அது யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. தணிக்கைப் பாடமோ வரிப் பாடமோ வரும்வரை பொறுக்க முடியுமா என்று பாருங்கள். விடுமுறையில் ஒரு சிறிய கணக்கியல் நிறுவனத்தில் சில வாரங்கள் வேலை செய்து பாருங்கள். பெரிய நான்கு தணிக்கை நிறுவனங்களில் இடம் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், சிறிய இடத்தில்தான் எல்லா வேலையும் கைக்கு வரும்.

அப்போதும் மனம் ஒட்டவில்லை என்றால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். முதலாண்டுப் பாடங்கள் பல வணிக நிர்வாகப் படிப்போடு பொதுவானவை, ஆகையால் சீக்கிரம் மாறினால் இழப்பு குறைவு. மூன்றாம் ஆண்டுவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் பேசத் தயக்கமாக இருந்தால், அத்தை, மாமா, பெரியப்பா என்று பெற்றோர் மதிக்கும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பேச்சை அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்யும் தேதிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.